இடிக்கக் கூடாத கழிப்பறை

"இந்தக் கருமத்தை இடிக்க அனுமதி குடுங்க சார். பார்த்தாலே குமட்டுது," என்றேன்.

கோவாவில் எங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம். டெல்லியிலிருந்து வந்த அதிகாரி கொல்லைக் கழிப்பறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குழியும் இல்ல, குழாயும் இல்ல. ஆனாலும் என்னா சுத்தம்! அந்தக் காலத்து மூளையே மூளை. இருநூறு வருஷமா எப்படி நடக்குதோ அப்படியே நடக்கணும்."

"சார், அது எப்படி நடக்குதுன்னா..."

"எனக்குச் சொல்லித் தராதீங்க மேடம்!"

மதியம் என் கணவர் கயதான் பன்றிக்கறி விந்தாலு பரிமாறினார். நான் வழக்கம்போல் மீனோடு நிறுத்திக்கொண்டேன். அதிகாரி மூன்றாம் முறை வாங்கினார்.

"அடடா! எந்தக் கடைக் கறி இது?"

"கடையா? வீட்டுல வளர்த்தது சார்," என்றார் கயதான், கறிச் சட்டியைப் பெருமையாகக் காட்டி. "கழிப்பறை சுத்தமா இருக்குன்னு பாராட்டினீங்களே? நேத்து வரைக்கும் அது இவன் பொறுப்புதான்."