ஜெயசீலியின் சேவல்

பாயைச் சுருட்டினேன். பல் தேய்த்தேன். பழைய சோற்றில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தேன்.

பஞ்சாரத்தைத் தூக்கிக் கம்பு இறைத்தேன். சேவல் தின்னவில்லை. நேற்றும் தின்னவில்லை. கழுத்துக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு இறுகி வீங்கியிருந்தது. மூச்சு இழுத்தது. இன்றைக்கு யாராவது ஏதாவது செய்யாவிட்டால் நாளைக்கு இருக்காது.

நான் ஆவடி ராணுவ டிப்போவில் குமாஸ்தா. யுத்த காலத்தில் லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். சேவல் என்று சொல்ல முடியாது. கேட்காமலே நின்றுவிட்டேன்.

கூடையில் வைத்து, சைக்கிளில் கட்டி, காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன்.

வாசலில் இரண்டு எருமைகளும் ஒரு ஜட்காக் குதிரையும் நின்றன. நான் குதிரைக்குப் பின்னால் நின்றேன்.

முறை வந்ததும் கம்பவுண்டர் வேம்புலி கூடையைத் திறந்து பார்த்தார். டாக்டரைக் கூப்பிடவில்லை. ஜட்காக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"மொளகு கொஞ்சம் தூக்கலா போடு சார். எல்லா சீக்கும் பூடும்."

ஜட்காக்காரர் சிரித்தார். குதிரை சிரிக்கவில்லை.

டாக்டர் பார்க்க வேண்டும் என்றேன்.

"ஊட்ல இன்னா சொல்றாங்க?"

"வீட்டில் இல்லை."

"தாய் ஊட்டுக்குப் போய்க்கீறாங்களா? அப்பறம் இன்னா சார்? அவங்க வர்றதுக்குள்ள கொழம்பு வெச்சி முடிச்சிடு. நரி தூக்கிகினு பூட்ச்சின்னு சொல்லிடு."

யோசனை நல்ல யோசனைதான்.

இறந்துவிட்டாள் என்றேன். போன மாதம்.

வேம்புலி கூடையை மூடினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் திறந்தார்.

உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். இது கால்நடை ஆஸ்பத்திரி, கோழிக்கெல்லாம் இங்கே கத்தி எடுப்பதில்லை என்றார்.

சேவலும் காலால்தான் நடக்கிறது என்றேன்.

என்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். பி.ஏ. என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனார்.

கதவில் கையை வைத்துக்கொண்டேன். இது என் மனைவி ஜெயசீலியின் சேவல் என்றேன். இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கை கழுவப் போனார்.

சிறகுகளை நான் பிடித்துக்கொண்டேன். கால்களை வேம்புலி பிடித்துக்கொண்டார். டாக்டர் வீக்கத்தைக் கீறி, உள்ளே அடைத்துக் கிடந்த வைக்கோலையும் கயிற்றுத் துணுக்குகளையும் எடுத்துப் போட்டார். தையல் போடும்போது சேவல் என் முழங்கையைக் கொத்தியது. பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர்.

கூடையை வேம்புலியே சைக்கிளில் கட்டிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மவராசி. சாவறப்போகூட ஒரு வாயில்லா ஜீவன நெனச்சிக்கீறாங்க பாரு."

ஜட்காக்காரரும் தலையாட்டினார்.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

'சேசுவே' என்று சொல்லித்தான் அவள் உயிர் போனது என்று என் மாமியார் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவருகிறார். மாமியார் அப்போது அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவன் நான் மட்டும்தான்.

டைபாய்டு. விடிவதற்குச் சற்று முன்னால், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"விடிஞ்சதும் மொத வேலையா அந்தச் சேவல அறுத்துடுங்க. மனுஷிய தூங்க உட மாட்டேங்குது."