ஓட்டை ஷூ

“இந்தா, உன் புள்ளைக்கு.”

பக்கத்துக் கடை வெல்மா ஒரு ஜோடி குட்டி மான்தோல் ஷூவைத் தானிஸின் மேசைமேல் போட்டாள். தானிஸ் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பிப் போய்விட்டாள்.

ஆற்றங்கரைச் சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. மேடையில் வயலின்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். தானிஸுக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

குழந்தை ரூபி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நெஞ்சுச் சளி. “மறுபடி மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வந்துடு” என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதிலிருந்து தானிஸுக்குத் தூக்கமில்லை. அந்தச் சின்ன நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் கிடையாது. தள்ளுவண்டியோடு வந்து, தான் கோத்த பாசிமணித் தோடுகளைப் பரப்பியிருந்தாள்.

ஷூவை எடுத்துப் பார்த்தாள். மேலே நீலப் பாசிமணியில் ஒரு பூ. அழகாகத்தான் இருந்தது. திருப்பினாள்.

இடது கால் அடியில் ஓட்டை. சுண்டுவிரல் நுழைந்தது.

எதிரே எண்ணெயில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த டெல்பர்ட் பார்த்துவிட்டார்.

“என்ன, வெல்மா சும்மா குடுத்தாளா? இன்னிக்கு ஆறு திரும்பி மேற்கே ஓடப்போகுது. பாத்துக்கிட்டே இரு.”

தானிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெல்மாவின் கடையில் வெளியூர்க்காரி ஒருத்தி குழந்தை ஷூ பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்மா ஒன்றைத் திருப்பி அடியைக் காட்டினாள்.

“நல்லா பாருங்க. ஒரு பொத்தல் இருக்காது. ஒரு தையல் பிசகாது.”

ஆக, காசு கொடுக்கிறவர்களுக்கு நல்லது. தனக்குக் கழித்துப் போட்டது.

சந்தைக்கு வந்த முதல் வாரமே வெல்மா கேட்டிருந்தாள், “நீ யார் வீட்டுப் பொண்ணு?”

இந்த ஊர் க்ரீ பழங்குடி ஜனங்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். பேரெல்லாம் அப்புறம். அம்மா யார், எந்தக் கிராமம் என்று சொல்லிவிட்டால் பத்து நிமிஷத்தில் ஏதாவது ஓர் உறவு கண்டுபிடித்துவிடுவார்கள்.

தானிஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வயதில், மற்றப் பல பழங்குடிக் குழந்தைகளைப் போலவே அவளையும் அரசாங்கத்து ஆட்கள் அம்மாவிடமிருந்து பிரித்து எடுத்துப்போய், நகரத்தில் வெள்ளைக்காரர் வீடுகளில் மாற்றி மாற்றி வளர்த்தார்கள். பாசிமணி கோக்கக்கூட போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள்.

“தெரியாது ஆன்ட்டி” என்றாள் அன்றைக்கு.

வெல்மா “ம்” என்றாள். அதற்கப்புறம் அதிகம் பேசியதில்லை.

அந்த ‘ம்’முக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்த மாதிரி இருந்தது தானிஸுக்கு. பையிலிருந்து ஒரு தோல்துண்டை எடுத்து ஓட்டையின்மேல் வைத்துத் தைத்தாள். தூக்கக் கலக்கத்தில் ஊசி இரண்டு தடவை விரலில் குத்தியது. தைத்து முடித்து, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வெல்மாவிடம் போனாள். யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவே கூச்சப்படுகிறவள்.

“ஆன்ட்டி, ஓட்டையை அடைச்சுட்டேன். இனி நீங்களே வித்துக்கலாம். எங்களுக்கு வேண்டாம்.”

வெல்மா ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து, தானிஸ் போட்ட தையலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள்.

“ஏன் ஆன்ட்டி? நான் தொட்டதுன்னா விக்கக்கூட ஆகாதா?” தானிஸின் குரல் உடைந்தது.

வெல்மா நிமிரவில்லை. டெல்பர்ட்தான் மாவுக் கையோடு ஓடிவந்தார்.

“அடைச்சுட்டியா? அடி பைத்தியமே. உனக்கு இதை யாரும் சொன்னதே இல்லையா?”

“எதை?”

“கைக்குழந்தை இப்பத்தானே முன்னோருங்க இருக்கிற அந்தப் பக்கத்துலேருந்து வந்திருக்கு. அங்க இருக்கிறவங்களுக்கு அதை விட மனசு வராது. வா, திரும்பிப் போயிடலாம்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அப்ப குழந்தை காலைத் தூக்கிக் காட்டணும். என் ஷூ ஓட்டை, அவ்வளவு தூரம் என்னால நடக்க முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் ஓட்டை.”

தானிஸ் குனிந்து வண்டிக்குள் பார்த்தாள். ரூபியின் கணுக்காலில் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டை இன்னும் அப்படியே இருந்தது. வெட்ட நேரமே கிடைக்கவில்லை.

“உன் புள்ள ஆஸ்பத்திரியிலன்னு கேட்டதுலேருந்து இவ வேற எதையும் தைக்கலை” என்றார் டெல்பர்ட். “என் ரொட்டி கருகிப்போச்சுன்னு குறை சொல்லக்கூட மறந்துட்டா.”

“இப்பக் கருகிக்கிட்டுதான் இருக்கு. போய்யா” என்றாள் வெல்மா.

அவர் ஓடினார்.

தானிஸுக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“கடையில இருக்கிற எதுலயும் ஓட்டை இல்லையே ஆன்ட்டி?”

வெல்மா கடைசித் தையலையும் வெட்டி, தோல்துண்டை உதறினாள். குனிந்து ரூபியின் காலில் ஷூவை மாட்டி, வாரை இறுக்கிக் கட்டினாள்.

“அது விக்கிறதுக்கு. ஓட்டை நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும்தான்.”