பொழுது சாய்வதற்குள் பதில்

மேட்டுத்திடல் கால்பந்து அணிக்கு முயல்குட்டி தேர்வானதும், பயிற்சியாளர் கிடா கறாராகச் சொல்லிவிட்டது: "பொழுது சாயறதுக்குள்ள பதில் வேணும். இல்லேன்னா இடம் வேற குட்டிக்குப் போயிடும்."

தாய் முயல் கிடாவின் பின்னாலேயே ஓடியது. குட்டி உயிராய் ஆசைப்பட்ட ஆற்றங்கரை அணிக்கு மறுநாள்தான் தேர்வு.

"ஒரே ஒரு நாள் பொறுங்களேன், அண்ணே!"

"நம்ம அணிமேல நம்பிக்கை இல்லாதவங்க எனக்கு வேண்டாம்மா."

வெயில் மங்க மங்க முயலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் சம்மதத்துக்கு அடையாளமாக, கிடா நீட்டிய ஈரக் களிமண்ணில் குட்டியின் காலைப் பதித்துக் கொடுத்தது. அந்தத் தடம் காய்ந்துவிட்டால் வேறெந்த அணியும் குட்டியைச் சேர்க்காது.

மறுநாள் மனசு கேட்காமல், சும்மா வேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே தேர்வு வரிசையில் முதல் ஆளாக, தன் சொந்தக் குட்டியோடு நின்றுகொண்டிருந்தது கிடா.