கனம் குறைந்த கார்

ஒன்பதே கால் குற்றாலம் பஸ்ஸின் கடைசி சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் பாத்திரக் கடை சிவனணைந்தபெருமாள்.

பக்கத்தில் மெக்கானிக் ஒலி முகம்மதுவும் அதே மாதிரி மண்டியிட்டிருந்தான்.

பஸ் இலஞ்சியை நெருங்கிவிட்டது. காரைக் காணவில்லை.

கார் பெருமாளுடையதுதான். இரண்டு கதவு வைத்த சிவப்புக் குட்டிக் கார். தென்காசியிலேயே வேகமான வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வாங்கினார். மூன்றாம் நாளே இந்த பஸ் அவரை இலஞ்சி விலக்கில் முந்திக்கொண்டு போனது.

ஓட்டியவன் சுடலைக்கண்ணு. அவரோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன். முந்தியதோடு விட்டிருக்கலாம். ஜன்னல் வழியே தலையை நீட்டி, தள்ளிவிட ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரம் குடம் வாங்க வந்தவர்களும் அதையே கேட்டார்கள்.

டீக்கடையில் வைத்துப் பந்தயம் பேசப்பட்டது. கார் ஒரே ஒரு தடவை முந்திவிட்டால், சுடலைக்கண்ணு அவரை ஆயுசுக்கும் அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும். ஆனி மாதத்துக்குள் முந்தாவிட்டால், அவர் அவனைக் கூப்பிட வேண்டும்.

அது அறுபத்து மூன்றாம் வருஷத்து ஆனி. முடிய இன்னும் இரண்டே நாள்.

எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன இங்கிலீஷ் கார் பத்திரிகை ஒன்று ஒலி முகம்மதுவிடம் இருந்தது. இருவருக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். படத்தைப் பார்த்து வேலையை ஆரம்பித்தார்கள்.

ரேஸ் காருக்கு சைலன்சர் இல்லை. கழற்றினார்கள். வேகம் வரவில்லை, சத்தம் வந்தது. இலஞ்சியில் உழுதுகொண்டிருந்த மாடுகள் ஏரோடு ரோட்டுக்கு ஏறிவிட்டன.

ஏர் ஃபில்டர் இல்லை. அதையும் கழற்றினார்கள். என்ஜின் ஒரு தட்டானை விழுங்கிவிட்டு இரண்டு நாள் இருமியது.

கதவில் பெரிதாக ஏழு என்று எழுதியிருந்தது. எழுதினார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் வேகம் கூடியது என்று பெருமாள் சாதித்தார்.

வண்டியின் கனம் குறைய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்ததை ஒலி முகம்மது ஒரு வாரம் உட்கார்ந்து கண்டுபிடித்தான். பம்பர், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இறங்கின. பின்சீட் பாத்திரக் கடைக்குப் போய், அண்டாக்களுக்கு நடுவே வாடிக்கையாளர்கள் உட்காரும் இடமானது. கடைசியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டும் இறங்கியது.

அப்படியும் பஸ்தான் முந்தியது.

நேற்று சாயங்காலம் ஒலி முகம்மது காரை இரண்டு தடவை சுற்றிவந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. இதுல இனிமே எறக்குததுக்கு நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

பெருமாள் கோபித்துக்கொண்டார். பிறகு கடையில் பித்தளை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தார். கோபம் போய்விட்டது.

ஒலி முகம்மதுவும் அவருக்கு இளைத்தவன் இல்லை.

அப்போதுதான் காபி கொண்டுவந்த அவர் மனைவி உலகம்மாள், வேண்டுமானால் நான் ஓட்டுகிறேன் என்றாள். நனைந்த சேலையோடு நிறுத்தாலும் நாற்பத்தைந்து கிலோ தாண்டமாட்டாள். ஆரியங்காவு எஸ்டேட்டில் அவள் அப்பாவின் ஜீப்பை ஓட்டிப் பழகியவள் என்பதும், லைசென்ஸ் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறது என்பதும், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பெருமாளுக்குத் தெரியவந்தது. வாங்கிப் பார்த்தார். அவருடைய லைசென்ஸைவிட மூத்தது.

முதலில் சத்தம்தான் வந்தது.

ரோட்டோரக் கோழிகள் சிதறின. சாரலுக்குள்ளிருந்து சிவப்பாக ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் மொத்தமாக வலதுபக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். சுடலைக்கண்ணு ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

கார் பக்கத்தில் வந்துவிட்டது.

உலகம்மாள் பட்டுச்சேலை கட்டி, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். தலைநிறையப் பிச்சிப்பூ. பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முந்திவிட்டாள்.

பெருமாள் சீட்டில் ஏறி நின்று கைதட்டினார். தலை கூரையில் இடித்தது கூடத் தெரியவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

சுடலைக்கண்ணு பஸ்ஸை ஓரமாக நிறுத்தினான். சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. ஆனால் குழம்பிப்போயிருந்தான்.

“காரு ஜெயிச்சிட்டு லே. ஆனா நீ பஸ்ஸுலல்லா இருக்க. இப்ப நான் யாரை அண்ணாச்சின்னு கூப்பிட?”

பஸ்ஸில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். குற்றாலம் வந்து சேரும்வரை வழக்கு முடியவில்லை.

குற்றாலத்தில் காரைக் காணவில்லை.

இருவரும் நனைந்தபடி லாட்ஜ் வாசல்களில் எல்லாம் தேடினார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் உச்சிமாகாளி, கையில் கிண்ணத்தோடு அவர்களிடம் வந்தார். சிவப்புக் கார் நிற்கவில்லையாம். அவர் பக்கத்தில் மெதுவாகப் போனதாம். பாத்திரக் கடைக்காரர் பஸ்ஸில் வருவார், செங்கோட்டையில் என் தம்பி மகனுக்குப் பத்தரைக்குக் காதுகுத்து என்று ஞாபகப்படுத்திவிடுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனாளாம்.

பெருமாளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குக் காரில் கூட்டிப்போகும்படி ஒரு மாதமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கார் வேலை முடியட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெல்லத் திரும்பி ஒலி முகம்மதுவைப் பார்த்தார்.

அவன் அருவியைப் பார்த்தான்.

“நீங்கதான் கனம்னு எனக்கு எப்படி அண்ணாச்சி தோணும்? மதினிதான் சொல்லச் சொன்னாவ.”

செங்கோட்டைக்கு அடுத்த பஸ் பதினொரு மணிக்குத்தான்.