கிளிசரின் வேண்டாம்

“அம்மா இல்லாத பிள்ளை அழாது. தமிழ் சினிமா இத்தனை வருஷமா நம்மள ஏமாத்திட்டு இருக்கு. இன்னைக்குச் சாயந்தரம் அஞ்சு மணியோட அந்தப் பொய் முடியுது” என்றான் ஜெரால்ட்.

அஞ்சு மணியோடு நிஜமாக முடியவிருந்தது, குறும்படப் போட்டிக்குப் படம் அனுப்பும் கெடு. டைரக்டர் ஜெரால்ட். கேமரா பிரின்சி. ஒரே நடிகன் கௌதமன், கையில் கிளிசரின் பாட்டிலுடன். கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன மூன்று பேர். படப்பிடிப்பு, சேலத்தில் ஜெரால்ட் வீட்டு முன்னறையில்.

“அப்ப அம்மா போட்டோ முன்னால நின்னு நான் என்னதாங்க பண்றது, டைரக்டரே?” என்றான் கௌதமன்.

“சட்டைய அயர்ன் பண்ணு.”

“அயர்னா?”

“சினிமால அம்மா இல்லாதவன் ஒண்ணு ரவுடி ஆவான், இல்லாட்டி மழையில நனைஞ்சுக்கிட்டே போட்டோவத் தடவுவான். நெசத்துல அயர்ன் பண்ணுவான். காலர் மட்டும் சரியா மடங்காது. அவ்வளவுதான் சோகம்.”

“போன வருஷம் ஜெயிச்ச படத்துல பையன் நாலு நிமிஷம் அழுதான்டா. ஜட்ஜுங்களும் கூடவே அழுதாங்க” என்றாள் பிரின்சி. “நம்மள மொத ரவுண்டுலயே வெளிய அனுப்பிருவாங்க.”

“அனுப்பட்டும். எம் படத்துல ஒரு சொட்டு விழாது.”

“பெரிய ஆராய்ச்சி! எத்தன நாளா?”

“ஒம்போது வருஷமா.”

சிரிக்க வாய் திறந்த பிரின்சி நிறுத்தினாள். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த போட்டோவை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு ஜெரால்டின் மூக்கு.

“ஜெரால்டு, இது...”

“எங்கம்மா. ஜெபமலர். சீக்கிரம், வெளிச்சம் போகுது.”

கௌதமன் கிளிசரினைப் பைக்குள் போட்டான். படத்துக்காகத் தன் ஊர் வெண்ணந்தூரிலிருந்து வாங்கி வந்த சாமந்தி மாலையைப் போட்டோவுக்குப் போட்டு, கண்மூடி நின்றான். பிரின்சி சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்த ஜெரால்ட் அலறினான்.

“டேய்! மொதல்ல அதக் கழட்டுடா!”

“புரியுது மச்சான்.” கௌதமன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். “அடக்கி வெக்காத. அழுதுரு.”

“விடுறா லூசு!”

அயர்ன் மேசை மேல் போன் அதிர்ந்தது. வீடியோ கால். கௌதமன் தோளில் தொங்க, ஜெரால்ட் அதை எடுத்தான்.

“ஏஞ் சாமி, உயிரோட இருக்கிறவ போட்டோவுக்கு எவன்டா மாலை போட்டது?”

குவைத்தில், நர்ஸ் உடுப்பில் நின்று ஜெபமலர் கேட்டாள்.

கௌதமன் பாய்ந்து மாலையை இழுத்த வேகத்தில் சாமந்தி அறையெங்கும் சிதறியது.

“ஷூட்டிங்மா. அத விடு, லீவு என்னாச்சு?”

“இந்த வருஷமும் இல்லேன்ட்டாங்க சாமி. ரெண்டு பேரு வேலைய விட்டுப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் கண்டிப்பா... நீ மத்தியானம் சாப்...”

நெட் அறுந்தது. வார்த்தையின் பாதியில், வாய் திறந்தபடி அவள் முகம் திரையில் உறைந்தது.

ஜெரால்ட் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு சொட்டு விழவில்லை. நண்பர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை மெல்லத் தடவினான்.