அச்சன்புதூர்த் தாழி

மதராஸ் பேராசிரியர் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

காந்திமதிநாதன் எட்டு மணிக்கே வந்து, தாழியை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

காட்சிசாலை என்று பெயர்தான் பெரிசு. தென்காசியில் ஒரு வாசகசாலையின் பின்னறை. வாத்தியாரான அவரும் இரண்டு சிநேகிதர்களும் சம்பளமில்லாமல் முறை வைத்துப் பார்த்துவந்தார்கள். அறையைக் காலி செய்யச் சொல்லி வாசகசாலைக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் தாழியைப் பார்த்து நாலு வரி நல்லபடியாக எழுதிக்கொடுத்தால் அறை தங்கும். இல்லாவிட்டால் ஐந்து வருஷ உழைப்பும் காந்திமதிநாதன் வீட்டுப் பரணில் ஏறவேண்டியதுதான். அதற்கும் அவர் சம்சாரம் சம்மதிக்க வேண்டும்.

தாழி போன மாதம் அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு தரிசை உழும்போது கிடைத்தது. உள்ளே மண்ணும் பொடிந்த எலும்புகளும், இரண்டு விரல் நுழைகிற அளவில் ஒரு செம்பு வளையமும். மூன்று பேரும் இரண்டு நாள் வாதாடி, பாண்டிய ராணியின் காதணி என்று முடிவுகட்டினார்கள். ‘இரண்டாயிரம் வருஷம்’ என்று அவரே அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினார். அவ்வளவு சந்தோஷம்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அச்சன்புதூர் மாடத்தி என்றாள்.

“இன்னைக்கு ஒரு பெரிய மனுசர் வாராரும்மா. நாளைக்கு வாயேன்.”

அவள் காதில் வாங்கவில்லை. நேரே தாழியிடம் போய் அதன் கழுத்தைத் தடவினாள்.

“வாந்திபேதியில ஊரே ஓடிச்சு, அண்ணாச்சி. நாங்களும் அவசரமா வீட்டுப் பானையில வச்சு அந்தத் தரிசுல பொதைச்சிட்டு, கண்டிக்குத் தேயிலை பறிக்கப் போயிட்டோம். ஒம்பது வருசம். போன வாரம் வந்து பாத்தா வெறும் பள்ளமாக் கெடக்கு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதே மாதிரி இன்னொரு செம்பு வளையம். அதே கீறல் வேலைப்பாடு.

காந்திமதிநாதன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலு பிள்ளைக்குத் தகப்பன். அது காதில் போடுகிறது இல்லை, கையில் போடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கடிகாரத்தில் ஒன்பதரை. பதினொரு மணிவரை பொறுக்கச் சொல்லலாம். பேராசிரியர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லத்தான் வாயெடுத்தார். மாடத்தி தாழிக்குள் குனிந்து, மண்ணை ஒரு விரலால் மெல்ல ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் தெருவில் இறங்கி ஒரு மாட்டுவண்டியைக் கூப்பிட்டார்.

பேராசிரியர் சொன்னபடி பத்துக்கு வந்தார், தலை ஈரம்கூடக் காயாமல். தரையில் தாழி உட்கார்ந்திருந்த வைக்கோல் பிரிமணையும் அட்டையும் மட்டும் இருந்தன.

“எங்கே ஐயா, உங்கள் இரண்டாயிரம் வருஷத் தாழி?”

காந்திமதிநாதன் அட்டையை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பிள்ளையோட அம்மா வந்திருந்தாங்க. குடுத்து அனுப்பிட்டேன்.”