கடைசியாகத் தொட்டவர்

"தப்பு பண்ணினவங்க பேரைப் போட்டே ஆகணும்!" என்று மேஜையைத் தட்டினார் வக்கீல். டீச்சரின் டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பியது.

வக்கீல் கோர்ட் வாசலை மிதித்தவர் இல்லை. கம்ப்யூட்டர்க்காரர். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வந்த பட்டம் அது. டீச்சர் நிஜமாகவே டீச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவார். மூன்றாவது ஆள் அக்கா. எல்லோருக்கும் அக்கா.

சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. அங்கிருந்துதான் மூன்று பேரும் ஓர் இயங்குதளத்தைக் கட்டிக் காத்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நூலகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் அதில்தான் ஓடின.

அதில் இப்போது ஓர் ஓட்டை. பாஸ்வேர்டை அளவுக்கு மீறி நீளமாக அடித்தால், யார் எவர் என்று கேட்காமல் உள்ளே விட்டுவிடும். அதை அடைக்கும் பேட்ச் தயார். அறிவிப்போடு சேர்த்து இன்று சாயங்காலமே அனுப்பியாக வேண்டும்.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சவர் பேரைத்தான் போடுவோம் சார். பண்ணினவங்க பேரைப் போடறது நம்ம வழக்கம் இல்லையே?" என்றார் டீச்சர்.

"நல்ல வழக்கம்! இப்படியே பூசி மெழுகுங்க. நாளைக்கு எவனாவது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து நோயாளிங்க விவரத்தை அள்ளிட்டுப் போனா, யாரு பதில் சொல்றது?"

வக்கீல் லேப்டாப்பை டீச்சர் பக்கம் திருப்பினார். எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று பக்கத்திலேயே பெயர் காட்டும் ஏற்பாடு அதில் இருந்தது.

"இந்த வரிதான் வினை. நீளத்தைச் சரிபார்க்கவே இல்லை. பக்கத்துல யாரு பேருன்னு நீங்களே படிங்க."

டீச்சர் படித்தார். படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"ஆமா, என் பேருதான்," என்றார் அக்கா.

"என்னக்கா, இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?" என்றார் டீச்சர்.

"வேற எப்படிச் சொல்றது? முதல்ல ஓட்டையை அடைப்போம். பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம்."

"பஞ்சாயத்து முடிஞ்சு போச்சு," என்றார் வக்கீல். "சாவியை வைங்க."

சாவி என்பது கட்டைவிரல் நகம் அளவு ஒரு பொருள். அதைக் கம்ப்யூட்டரில் சொருகிக் கையெழுத்துப் போட்டால்தான், வந்திருப்பது அசல் பேட்ச் என்று ஊரில் உள்ள மற்ற கம்ப்யூட்டர்கள் நம்பும். தொடங்கிய நாளிலிருந்து அது அக்காவின் வீட்டுச் சாவிக் கொத்தில்தான் தொங்கியது. சொந்தத் தங்கை கல்யாணத்தில்கூட அந்தக் கொத்தை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. அந்தப் பொறுப்பு அவருக்கு அவ்வளவு உயிர்.

"அவ்வளவு தூரம் போகணுமா தம்பி?"

"இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கிறவங்ககிட்ட எந்த நம்பிக்கையில விட்டு வைக்கறது?"

அக்கா வளையத்தைப் பிரித்தார். லேசில் கழலவில்லை. நகம் மடங்கியது. கண் கலங்கியதற்கு நகம் மட்டும் காரணமில்லை என்று டீச்சருக்குப் புரிந்தது.

சாவியை மேஜையில் வைத்துவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டார்.

"புது வெர்ஷனுக்கு ஒண்ணு, பழசுக்கு ஒண்ணு, ரெண்டு பேட்ச் இருக்கு. ரெண்டையும் காலையிலேயே ஓட்டிப் பார்த்துட்டேன். பழசைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார வேண்டாம் தம்பி, அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. ஆஸ்பத்திரி எல்லாம் அதுலதான் ஓடுது."

படியில் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் வக்கீல் சிரித்தார்.

"கேட்டீங்களா? திறக்க வேண்டாமாம்! அதுல இன்னும் என்னத்தைப் போட்டு மூடி வச்சிருக்காங்களோ."

டீச்சருக்கும் அது உறுத்தியது. பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொல்கிற ஆளா அக்கா? மனசு விட்டுப்போனது.

வக்கீல் சாவியைச் சொருகி, புதுப் பதிப்புக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பிறகு பழையதைத் திறந்தார்.

டீச்சர் அறிவிப்பில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். "'தவறு செய்தவர்'னு போட்டுட்டேன் சார். அக்கா பேரை முழுசாப் போடணுமா?"

வக்கீல் திரைக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார்.

"சார்?"

"வேண்டாம் டீச்சர். அந்த வரியை எடுத்துடுங்க."

"இப்பத்தானே போட்டே ஆகணும்னு குதிச்சீங்க?"

"என்ன இருந்தாலும் நமக்குன்னு ஒரு வழக்கம் இருக்கில்ல? அதை எதுக்குப் போய் மாத்திக்கிட்டு?"

மேஜையைத் தட்டியவரின் குரலாக அது இல்லை. டீச்சர் எழுந்து போய்த் திரையை எட்டிப் பார்த்தார்.

பழைய பதிப்பிலும் அதே வரி, அதே ஓட்டை. புதுப் பதிப்பில் அக்கா அந்தப் பக்கம் முழுவதும் வரிகளின் இடைவெளியை ஒழுங்குபடுத்தியிருந்தார். அவர் தொட்டது அவ்வளவுதான்; அதனால்தான் அங்கே அவர் பெயர் காட்டியது. இங்கே அவர் கை படவில்லை. எழுதியவரின் பெயர் அப்படியே இருந்தது.

வக்கீலின் பெயர்.

"எழுதி எத்தனையோ வருஷம் ஆச்சு டீச்சர். சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லை."

"இந்தப் பேரை அக்கா காலையிலேயே பார்த்திருக்காங்க," என்றார் டீச்சர். "முதல்ல இதை அனுப்புங்க."

வக்கீல் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். பேட்ச் போய்ச் சேர்ந்தது. டீச்சர் அறிவிப்பில் அந்த ஒரு வரியை அழித்தார். அதையும் அனுப்பினார். பிறகு வக்கீலுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சார். அக்கா இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிப்பாங்க."